முதல் தடவை உம்ரா போறீங்களா? எந்த மாசம் போகலாம்னு இப்படி முடிவு பண்ணுங்க

உம்ராவுக்கு (மக்கா போய் கஃபாவ சுத்தி வர்ற புனிதப் பயணம்) நிய்யத் வச்சவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எப்ப போனா நல்லது?"ன்னுதான். ஆனா பெரும்பாலும் இத டிராவல்ஸ்காரர்ட்ட போய் கேக்குறாங்க, அவரு தன்னோட அடுத்த குரூப் எப்ப கிளம்புதோ அந்த தேதியத்தான் சொல்லுவாரு, அதுல தப்பும் இல்ல, அது அவரு தொழில். நம்ம வீட்ல யாருக்கு முட்டி வலி, யாருக்கு சுகர், பிள்ளைக்கு எப்ப பரீட்சைன்னு அவருக்குத் தெரியாதுல்ல. அதனால டிராவல்ஸ் படி ஏறுறதுக்கு முன்னாடியே மாசத்த நீங்களே முடிவு பண்ணிடணும். அத எப்படி பண்றதுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

ஒரு விஷயத்த மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், மத்ததெல்லாம் இத வச்சுத்தான். உங்க கூட வர்றவங்கள்ல யாருக்கு உடம்பு ரொம்ப முடியலையோ அவங்கள வச்சுத்தான் மாசம் பாக்கணும். இருபத்தஞ்சு வயசுப் பையன் எந்த மாசமும் போய்ட்டு வந்துடுவான், எழுபது வயசு உம்மாவால முடியுமாங்கறதுதான் கேள்வி.

முதல்ல: எந்தெந்த நாள் போகவே முடியாதுன்னு பாருங்க

ஹஜ்ஜுக்கு நாம காலம் தேர்ந்தெடுக்க முடியாது, துல்ஹஜ் 8ல இருந்து 13க்குள்ள அது முடிஞ்சுடும். உம்ரா அப்படி இல்ல, வருஷம் பூரா செய்யலாம். மார்க்கப்படி செய்யலாம், ஆனா விசா கிடைக்கணுமே. ஹஜ்ஜுக்கு இடம் ஒதுக்கறதுக்காக சவூதி அரசு சவ்வால் பாதியோட வெளிநாட்டு உம்ரா பயணிகள் உள்ள வர்றத நிறுத்திடுது, துல்கஃதா ஆரம்பத்துக்குள்ள உள்ள இருக்கறவங்களும் கிளம்பிடணும், அப்புறம் ஹஜ் முடிஞ்ச பிறகுதான் திரும்ப விசா. 2025ல பாத்தீங்கன்னா ஏப்ரல் 13 உள்ள வர கடைசி நாள், ஏப்ரல் 29க்குள்ள வெளிய வந்துடணும்னு சொல்லிட்டாங்க, மறுபடி ஜூன் 10ல இருந்துதான் விசா குடுக்க ஆரம்பிச்சாங்க.

இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, நம்ம ஊர்ல பாதிப் பேரு "முழுப் பரீட்சை லீவுல குடும்பத்தோட போய்டலாம்"னுதான் பிளான் போடுறாங்க. ஏப்ரல் கடைசியில லீவு விட்டு ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குது, 2025ல உம்ரா மூடியிருந்ததும் கிட்டத்தட்ட அதே நாட்கள்தான். 2026லயும் அரஃபா நாள் (ஹஜ்ஜோட முக்கிய நாள், துல்ஹஜ் 9) மே 26 வாக்குல வர்றதால அதே கதைதான். 2027ல ஹஜ் மே பாதியில வரும், அதனால மே கடைசியில திறக்க வாய்ப்பு இருக்கு. 2028ல அரஃபா மே 4 வாக்குல, அப்ப லீவுல கொஞ்சம் நாள் கிடைக்கும். ஆனா அது மக்கா வெயில், அதுக்கு வர்றேன். பிறை பாத்து ஒரு நாள் முன்ன பின்ன ஆகும், ஒவ்வொரு வருஷமும் சவூதி ஹஜ் உம்ரா அமைச்சகம் தேதிய தனியா அறிவிக்கும், அதப் பாத்துட்டுத்தான் லீவு போடணும்.

ரெண்டாவது: ஹிஜ்ரி காலண்டரையும் நம்ம காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வைங்க

ஹிஜ்ரி வருஷத்துக்கு 354 இல்ல 355 நாள்தான். அதனால ஒவ்வொரு வருஷமும் ரமலான் 10, 11 நாள் முன்னாடி வந்துடும். 2025ல மார்ச் 1, 2026ல பிப்ரவரி 18, 2027ல பிப்ரவரி 8 வாக்குல, 2028ல ஜனவரி கடைசி. 2030ல ஜனவரியில ஒரு ரமலானும் டிசம்பர் கடைசியில இன்னொரு ரமலானும் ஒரே வருஷத்துல வரப்போகுது. "எங்க மாமா ரஜப்ல போனாரு, நல்லா இருந்துச்சு"ன்னு யாராச்சும் சொன்னா அவரு எந்த வருஷம் போனாருன்னு கேளுங்க. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ரஜப் ஜூன்ல வந்துச்சு, இப்ப டிசம்பர்ல வருது, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.

ஒரு பேப்பர எடுத்து பன்னண்டு இங்கிலீஷ் மாசத்தயும் எழுதுங்க, பக்கத்துல அந்த வருஷம் அதுக்கு நேரா வர்ற ஹிஜ்ரி மாசம், அதுக்குப் பக்கத்துல வெயில், அதுக்கும் பக்கத்துல பள்ளிக்கூட லீவு. இந்த ஒரு பேப்பர் போதும், பாதி மாசம் தானா அடிபட்டுப் போய்டும்.

மூணாவது: வெயில்

மக்காவுல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பகல்ல 43, 44 டிகிரி சர்வ சாதாரணம், ராத்திரி கூட 28, 30க்கு கீழ இறங்காது. 2024 ஹஜ் நேரத்துல ஹரம் (கஃபா இருக்கற பள்ளிவாசல்) பக்கத்துல 51.8 டிகிரி வரைக்கும் போச்சு, அந்த ஹஜ்ஜுல 1300 பேருக்கு மேல மவுத்தானாங்க. ஹஜ்ஜுல மாதிரி திறந்த வெளியில நாள் பூரா நிக்கற வேலை உம்ராவுல இல்லதான், ஸஃயி (ஸஃபா மர்வா குன்றுகளுக்கு நடுவுல ஏழு தடவை நடக்கறது) செய்யற இடம் முழுக்க ஏசி, ஹரத்துக்குள்ளயும் ஏசி, கஃபாவ சுத்தி வர்ற இடமான மதாஃப்ல போட்டிருக்கற வெள்ளை மார்பிள் கிரீஸ் நாட்டு தாசோஸ் தீவுல இருந்து வந்தது, உச்சி வெயில்லயும் வெறுங்கால் சுடாது. இதெல்லாம் அல்லாஹ்வோட கருணை. ஆனா ஹோட்டல்ல இருந்து ஹரத்துக்கு ஒரு நாளைக்கு அஞ்சு நேரம் நடக்கணுமே. அந்த ரோடு தாசோஸ் மார்பிள் இல்ல. லுஹருக்குப் போய் திரும்புற பத்து நிமிஷ நடையிலதான் வயசானவங்க சுருண்டு போறது.

நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மக்கா நல்லா இருக்கும். ஜனவரியில பகல் 30, ராத்திரி 19 வாக்குல, நம்ம ஊரு மார்கழி மாதிரின்னு வச்சுக்கங்க. நவம்பர்ல பகல்ல கொஞ்சம் சூடு இருக்கும், 35 வரைக்கும் போகும், சாயங்காலம் இதமாய்டும். நவம்பர், டிசம்பர், ஜனவரியில எப்பவாச்சும் மழை பெய்யும். சுத்தி மலைங்கறதால பெஞ்சா தண்ணி சட்டுனு ரோட்டுல வந்துடும், அந்த நேரத்துல வெளிய போகாம இருந்தா போதும்.

மதினா வேற. அத நம்மாளுங்க யோசிக்கவே மாட்டேங்கறாங்க. ஜனவரியில மதினா பகல்ல 24 தான், ராத்திரி 12, சுபுஹு நேரத்துல சில நாள் அதுக்கும் கீழ போகும். தஹஜ்ஜத்துக்கு (பின்னிரவுத் தொழுகை) நபி பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவி போறப்ப சில்லுனு காத்து அடிக்கும், முற்றத்துல இருக்கற 250 குடையும் ராத்திரி மூடித்தான் இருக்கும். ஸ்வெட்டர், சாக்ஸ், காது மூடற குல்லா இல்லாம ஆஸ்துமா இருக்கறவங்கள அங்க கூட்டிட்டுப் போகாதீங்க.

இதுல இன்னொண்ணு இருக்கு, ஆம்பளைங்க கவனிங்க. சில பேக்கேஜ்ல முதல்ல மதினா, அப்புறம் மக்கா. அப்படின்னா இஹ்ராம் (உம்ராவுக்கான உடுப்பு) கட்டறது துல்ஹுலைஃபாவுல, அபியார் அலின்னு சொல்லுவாங்க, மஸ்ஜிதுன் நபவியில இருந்து ஒரு பத்து கிலோமீட்டர் இருக்கும். ஜனவரி ராத்திரி குளிச்சுட்டு தைக்காத ரெண்டு துண்டுத் துணியோட பஸ்ஸுக்கு நிக்கறப்ப பல்லு கிட்டிக்கும். நிய்யத் வச்சதுக்கப்புறம் ஸ்வெட்டர் போட முடியாது, தலைய மூட முடியாது. தையல் இல்லாத ஒரு போர்வைய தோள்ல போத்திக்கலாம், அது கூடும். அதனால பெட்டியில போடாம கைப்பையில ஒரு போர்வை வச்சுக்கங்க. கெட்டியான டவல் துணி இஹ்ராம் குளிர்காலத்துக்கு, மெல்லிசான காட்டன் வெயில் காலத்துக்கு. பகல்ல கிளம்புற பஸ்ஸா இருந்தா இந்தக் கஷ்டமே இல்ல, டிராவல்ஸ்ல கேட்டுப் பாருங்க.

நாலாவது: கூட்டம், இதுதான் பெரிய விஷயம்

வெயிலுக்கு குடை பிடிச்சுக்கலாம், இஹ்ராம்லயும் குடை பிடிக்கலாம். கூட்டத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது. கூட்டம் கம்மியா இருந்தா கீழ மதாஃப்ல கஃபாவ கண்ணு முன்னாடி பாத்துக்கிட்டே ஏழு சுத்து நிதானமா முடிச்சுடலாம். கூட்டம் ஏறிடுச்சுன்னா மேல் மாடிக்கு அனுப்பிடுவாங்க, இஹ்ராம்ல இல்லாதவங்கள எப்பவுமே பெரும்பாலும் மேலதான் அனுப்புறாங்க. மாடியில ஒரு சுத்துங்கறது கீழ சுத்தறத விட பல மடங்கு நீளம். அத முடிச்சுட்டு ஸஃபா மர்வா ஏழு தடவை, அதுவே மூணு கிலோமீட்டருக்கு மேல. முட்டி தேஞ்சவங்களுக்கு இது ஒரே நாள்ல முடியற காரியமா சொல்லுங்க. வீல்சேர் இருக்கு, மாடியில பேட்டரி வண்டியும் இருக்கு, ஆனா கூட்ட நேரத்துல அதுக்கும் கியூ.

கூட்டம் எப்பெப்ப வரும்? ரமலான் முழுக்க, அதுலயும் கடைசி பத்து, அதுலயும் 27ஆவது இரவு. ரமலானுக்கு முன்னாடி ரஜப், ஷஃபான்ல இருந்தே ஏற ஆரம்பிச்சுடும். டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரம் உலகம் பூரா லீவுங்கறதால இந்தோனேசியா, மலேசியா, ஐரோப்பால இருந்தெல்லாம் குடும்பம் குடும்பமா வருவாங்க, நம்ம அரைப் பரீட்சை லீவும் அப்பதான். அப்புறம் சவூதி பள்ளிக்கூட லீவு நாட்கள்ல உள்ளூர்க்காரங்க வந்துடுவாங்க.

வாரத்துக்குள்ளயும் கணக்கு இருக்கு. அங்க வார லீவு வெள்ளி, சனி. வியாழக்கிழமை சாயங்காலம் ஜித்தா, தாயிஃப்ல இருந்து கார் கார்னா வந்து இறங்கும். நீங்க மக்காவுக்கு வந்து சேர்ற நாள் ஞாயிறு, திங்கள், செவ்வாயா இருக்கற மாதிரி டிக்கெட் பாருங்க, முதல் உம்ரா லேசா முடிஞ்சுடும். வியாழன் ராத்திரி போய் இறங்குற பேக்கேஜ் விலை கம்மியா இருந்தாலும் வயசானவங்க கூட வந்தா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

ரமலான் பத்தி தனியா பேசணும்

ரமலான்ல செய்யற உம்ரா ஒரு ஹஜ்ஜுக்கு சமம்னு நபி (ஸல்) அவங்க சொன்ன ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ரெண்டுலயும் இருக்கு. அந்த நன்மைக்கு ஆசப்படாத முஸ்லிம் யாரு? ஆசப்படணும். ஆனா அதனால ஃபர்ளான ஹஜ் நிறைவேறிடாதுங்கறதயும் ஆலிம்கள் தெளிவா சொல்லியிருக்காங்க, வசதி வந்தா ஹஜ் கடமை கடமைதான்.

இப்ப வர்ற சில வருஷம் ரமலான் குளிர்காலத்துல வர்றது பெரிய பாக்கியம். மக்காவுல நோன்பு நேரம் பன்னண்டர, பதிமூணு மணி நேரம்தான், தாகம் தெரியாது. இஃப்தாருக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஹரத்துல நீளமா சுஃப்ரா விரிச்சு பேரீச்சம்பழம், ஜம்ஜம், கஹ்வா, ரொட்டி, தயிர்னு வச்சுட்டு, போறவங்க வர்றவங்க கையப் பிடிச்சு "தஃபள்ளல், தஃபள்ளல்"னு உக்கார வைப்பாங்க. முன்ன பின்ன தெரியாத ஒருத்தரு தன் பேரீச்சம்பழத்த கொட்டை எடுத்து உங்க கையில வைப்பாரு. பாங்கு சொன்ன கொஞ்ச நேரத்துல விரிப்ப சுருட்டி, தரையத் துடைச்சு, ஜமாஅத்துக்கு சஃப்ஃபு நின்னுடும். இத அனுபவிக்கணும்னா ரமலான்லதான் போகணும், வேற வழியில்ல.

அதுக்கு உடம்பு ஒத்துழைக்கணும். மஃரிபுக்கப்புறம் இஷாவுக்கு ரமலான்ல ரெண்டு மணி நேரம் இடைவெளி குடுப்பாங்க (மத்த நாள்ல ஒன்றரை மணி நேரம்), அதுக்குள்ள ரூமுக்குப் போய் சாப்ட்டுட்டு வந்துடலாம்னு நினைப்பீங்க, ஹோட்டல் லிஃப்ட்லயே அரை மணி நேரம் போய்டும். திரும்பி வர்றப்ப உள்ள இடம் இருக்காது, ரோட்டுல முஸல்லா விரிக்கணும். அதனால ரமலான்ல போறவங்க அஸருக்கு உள்ள போனா தராவீஹ் முடிச்சுத்தான் வெளிய வரணும், நடுவுல பாத்ரூம் போகணும்னா கூட கணக்கு பண்ணித்தான். சுகர் மாத்திரை போடறவங்க, அடிக்கடி பாத்ரூம் போறவங்க இத நல்லா யோசிக்கணும். கடைசி பத்துல நடுராத்திரிக்கு மேல கியாமுல் லைல் தொழுகை வேற, தூக்கம் ரெண்டு மூணு மணி நேரம்தான்.

செலவும் அப்படித்தான். ரமலானோட முதல் பத்து, நடு பத்து, கடைசி பத்துக்கு ஹோட்டல்காரங்க தனித்தனி ரேட் போடுவாங்க, கடைசி பத்து மொத்தமா எடுத்தாத்தான் குடுப்பாங்க. காசு கம்மிங்கறதுக்காக ஹரத்துல இருந்து தள்ளி இருக்கற அஜீஸியாவுல ரூம் எடுத்து பஸ்ல வந்து போறது ரமலான்ல நடைமுறையில ரொம்ப கஷ்டம், பஸ்ஸே ஹரம் பக்கத்துல வர முடியாது. ரமலான் வேணும்னு மனசு சொன்னா முதல் பத்துல போங்க. அதே நன்மை, கூட்டம் எவ்வளவோ பரவால்ல. ரமலான்ல ஒருத்தருக்கு ஒரு உம்ராதான் அனுமதின்னு 2024ல ஹஜ் உம்ரா அமைச்சகம் சொல்லிடுச்சு, அதனால "தினம் ஒரு உம்ரா செய்யலாம்"னு சொல்ற பேக்கேஜ நம்பாதீங்க.

முதல் தடவை போறவங்க, அதுவும் வயசான உம்மா வாப்பாவோட போறவங்க கடைசி பத்துல போக வேண்டாம். இது என் கருத்துதான். ஆனா நல்லா யோசிச்சு சொல்றேன்.

ரஜப்ல தனிச் சிறப்பு இருக்குன்னு நினைச்சு நிறைய பேரு அந்த மாசத்துலதான் போகணும்னு நிக்கறாங்க. நபி (ஸல்) அவங்க நாலு உம்ரா செஞ்சாங்க, ஹஜ்ஜோட சேத்து செஞ்சது தவிர மத்தது எல்லாம் துல்கஃதாவுலன்னு அனஸ் (ரலி) சொன்னது புகாரில இருக்கு, ரஜப்ல செய்யலன்னு ஆயிஷா (ரலி) தெளிவா சொல்லியிருக்காங்க. ரஜப்ல போகக்கூடாதுன்னு இல்ல. அதுக்காக கூட்டத்துல இடிபட வேண்டியதில்லன்னு சொல்றேன்.

அப்ப எந்த மாசம்தான்?

இப்போதைக்கு, அடுத்த சில வருஷத்துக்கு, என்னக் கேட்டா நவம்பர் முதல் வாரத்துல இருந்து டிசம்பர் பாதி வரைக்கும். 2026ல அது ஹிஜ்ரியில ஜமாதுல் அவ்வல், ஜமாதுல் ஆகிர் வாக்குல வரும், அதுக்கப்புறம் வருஷா வருஷம் ரஜப் பக்கம் நகரும். வெயில் இறங்கிடும், லீவுக் கூட்டம் இன்னும் ஆரம்பிச்சிருக்காது, மதினாவுலயும் குளிர் கடுமையா இருக்காது. பிள்ளைங்களுக்குத்தான் லீவு இல்ல. சின்ன பிள்ளையா இருந்தா லீவு சொல்லிட்டு கூட்டிட்டுப் போகலாம், பத்தாவது, பன்னண்டாவதுன்னா அடுத்த வருஷம் பாத்துக்கங்க.

இதுல நம்ம ஊர்ப்பக்கத்து சிக்கல் ஒண்ணு இருக்கு, வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர்ல சென்னை ஏர்போர்ட் நாள் கணக்குல மூடிக் கிடந்துச்சு, 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல்லயும் மூடிட்டாங்க. அதே 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டி, ஸ்ரீவைகுண்டத்துல ரயில் பயணிகளோட நின்னுபோச்சு. அதனால காயல்பட்டினம், மேலப்பாளையம், நாகூர், கீழக்கரை பக்கத்துல இருந்து வர்றவங்க பிளைட்டுக்கு முந்தின நாளே சென்னை வந்து தங்கிடுங்க, காலைல ரயில்ல இறங்கி சாயங்காலம் பிளைட்டுன்னு வச்சுக்காதீங்க. இலங்கையில இருந்து போறவங்களும் நவம்பர், டிசம்பர்ல புயல் செய்தி பாத்துக்கணும்.

காசு ரொம்ப இறுக்கம், ஆனா வயசு இருக்கு, உடம்பு நல்லா இருக்குன்னா ஹஜ் முடிஞ்சு முஹர்ரம், ஸஃபர்ல போங்க. ரூம் வாடகை இறங்கியிருக்கும், மதாஃப் காலியா இருக்கும். ஜூன், ஜூலை வெயில்தான். ஆனா தவாஃப் (கஃபாவ ஏழு சுத்து வர்றது) இஷாவுக்கப்புறம், இல்ல சுபுஹுக்கு முன்னாடின்னு வச்சுக்கிட்டு, பகல்ல லுஹர்ல இருந்து அஸர் வரைக்கும் ஹரத்துக்குள்ளயே குர்ஆன் ஓதிக்கிட்டு இருந்துட்டா சமாளிச்சுடலாம்.

நோன்புப் பெருநாள் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு கிடைக்கற நாட்கள யாரும் கண்டுக்கறது இல்ல. பெருநாள் கூட்டம் கலைஞ்சிருக்கும், சவ்வால் பாதியில கதவு மூடறதுக்குள்ள கொஞ்ச நாள் இருக்கும், மார்ச் மாசம்னா வெயிலும் தாங்கும். விசாவ ரமலானுக்குள்ளயே வாங்கி வச்சுடணும், கடைசி நேரத்துல குடுக்க மாட்டாங்க.

பெண்கள் தேதி பாக்கறது

இத வெக்கப்பட்டுக்கிட்டு கேக்காம விட்டுட்டு அங்க போய் அழுறவங்க நிறைய. தொழுகை இல்லாத நாள்ல தவாஃப் செய்ய முடியாது, இஹ்ராம் கட்டிட்டு வந்திருந்தா சுத்தமாகற வரைக்கும் இஹ்ராமோடவே காத்திருந்து அப்புறம்தான் உம்ரா முடிக்கணும். அதனால மாசம் முடிவானதும் தேதிய வீட்டுப் பொம்பளைங்ககிட்ட கேட்டுத்தான் போடணும், ஏழு நாள், எட்டு நாள் பேக்கேஜ விட பதினஞ்சு நாள் பேக்கேஜ் நல்லது, நடுவுல ஒரு வாரம் போனாலும் மீதி நாள் இருக்கும். முதல்ல மதினா போற மாதிரி இருந்தா இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். மாத்திரை போட்டு தள்ளிப்போடறதுன்னா கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டர பாருங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சொன்ன மாத்திரைய வாங்காதீங்க, பிரஷர் இருக்கறவங்களுக்கு ஆபத்து.

மாசம் முடிவாச்சு, இனி என்ன செய்யணும்?

பாஸ்போர்ட்ல ஆறு மாசத்துக்கு மேல காலம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் மூணு நாலு டிராவல்ஸ்ல ஒரே தேதிக்கு ரேட் கேளுங்க, வேற வேற தேதிக்கு கேட்டா ஒப்பிடவே முடியாது. ஹோட்டல் பேரு, ஹரத்துல இருந்து எத்தன மீட்டர், ஒரு ரூம்ல எத்தன பேரு, டிக்கெட் நேரடி பிளைட்டா இறங்கி மாறறதா, எல்லாத்தயும் எழுத்துல வாங்குங்க. "ஹரம் பக்கத்துல"ன்னு வாயில சொல்றத வச்சு பணம் கட்டாதீங்க. ஹரத்துக்குப் பக்கத்துல இருக்கற மிஸ்ஃபலா ஏரியான்னா நம்ம சாப்பாடு கிடைக்கும், இப்ராஹீம் கலீல் ரோடு வழியா நடந்தே வந்துடலாம்.

மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். கிளம்பறதுக்கு பத்து நாள் முன்னாடியாச்சும் போட்டு சர்டிபிகேட் வாங்கிடுங்க. குளிர்காலத்துல போறவங்க ஃப்ளூ ஊசியும் சேத்து போட்டுக்கிட்டா நல்லது, அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்கு இருமல் வந்தா ரூம் பூரா வந்துடும்.

கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வீட்ல தினம் நடக்க ஆரம்பிங்க. பெரியவங்கள மூணு கிலோமீட்டர் நடக்க வச்சுப் பாருங்க, முடியலன்னா வீல்சேர் வேணும்னு இப்பவே தெரிஞ்சுடும்.

மதினாவுல மஸ்ஜிதுன் நபவிக்குள்ள இருக்கற ரவ்ளாவுக்குப் போக நுசுக்ங்கற சவூதி அரசு ஆப்ல முன்பதிவு வேணும், ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் தனித்தனி நேரம். விசா வந்ததும் ஒவ்வொருத்தர் பேர்லயும் ஆப்ல கணக்கு தொடங்கிடுங்க, வயசானவங்க போன்ல நீங்களே செஞ்சு குடுங்க. கூட்ட மாசத்துல இடம் சீக்கிரம் தீந்துடும், அன்னைக்கு இல்லன்னா விடாதீங்க, ராத்திரியும் சுபுஹுக்கு அப்புறமும் திரும்பத் திரும்ப திறந்து பாருங்க. யாராச்சும் ரத்து பண்ணினா இடம் வரும்.